1917 குக்ரிக்கு பஃபிங் போடலாமா?

செல்வா77: கூர்க்கா பட்டாளத்து குக்ரி (வளைஞ்ச கத்தி) ஒன்னு கைக்கு வந்திருக்கு, மார்க் 2ங்கற ராணுவ மாடல், ப்ளேடுல 17னு வருஷ முத்திரை இருக்கு. முழுக்க கருப்பு, அங்கங்க செந்துரு. பட்டறையில குடுத்து, மெஷின் வீல்ல தேய்ச்சு பஃபிங் போட்டு பளபளன்னு ஆக்கிடலாம்னு இருக்கேன், சரிதானே?

துருக்காதலன்: ஐயோ வேண்டாம் ப்ரோ!! அந்த கருப்பு அழுக்கு இல்ல, நூறு வருஷமா இரும்பு மேல படிஞ்ச படலம். வீல்ல வச்சா முதல்ல தேயறதே அந்த 17ங்கற வருஷமும், அதுக்குப் பக்கத்துல இருக்கற, சர்க்கார் சொத்துன்னு காட்டற அம்புக்குறி முத்திரையும்தான், அது போச்சுன்னா முதல் உலகப்போர் குக்ரின்னு எதைக் காட்டி சொல்லுவீங்க? தேய்க்கற சூட்டுல வெட்டற வாய்ப்பக்கம் இரும்போட பதமும் இறங்கிடும்.

டெல்டாராஜா: நான் ஒத்துக்க மாட்டேன். கூர்க்கா சிப்பாய் துருப்பிடிச்ச கத்தியோட பரேடுக்கு போயிருப்பாரா? தேய்ச்சு தேய்ச்சு வச்சிருந்த ஆயுதம் சார் அது. 2003 வாக்குல காத்மாண்டு லகன் சிலேகானா ஆயுதக் கிடங்குல இருந்து மொத்தமா அமெரிக்க வியாபாரிங்க வாங்கிட்டு போனாங்களே, அதெல்லாம் கெட்டி கிரீஸ் அப்பிக் கிடந்துச்சு, அப்படியே வச்சிருந்தா யாரு ரசிக்கறது?

துருக்காதலன்: அதையே எடுத்துக்கோங்க. பொறுமையா கெரசின்ல ஊறவச்சு துணியால தொடைச்சவங்களுக்கு ப்ளேடு முதுகுல தேவநாகரி எழுத்து கிடைச்சுது, எந்தப் பட்டாளத்து கத்தின்னு அதை வச்சுத்தான் தேடவே முடியுது. மெஷின்ல குடுத்தா அதுவும் சேர்ந்து போயிடும். சுத்தம் பண்றது வேற, சாணை பிடிக்கறது வேற சார்.

டெல்டாராஜா: அப்போ செந்துரு தின்னுட்டே போகட்டுமா?

துருக்காதலன்: யாரு சொன்னா? செந்துரு இருக்கற இடத்துல மட்டும் எண்ணெய் விட்டு ஊறவச்சு, இருக்கறதுலயே நைஸான ஸ்டீல் வுல்லால (இரும்பு நார்) மெதுவா எடுங்க, கருப்பைத் தொடாதீங்க. அப்புறம் தோல் உறைக்குள்ளயே போட்டு வைக்காதீங்க, தோல்ல இருக்கற ஈரம்தான் மறுபடி துரு ஏத்தும்.

செல்வா77: வெளிநாட்டுல ஒருத்தர் கேக்கறாரு, பளபளன்னு இருந்தா நல்ல விலை வருமேன்னுதான்...

துருக்காதலன்: 1917ன்னா நூறு வருஷம் தாண்டிடுச்சு ப்ரோ, 1972 தொல்பொருள் சட்டத்துல மாட்டுவீங்க, வெளிநாட்டுக்கு அனுப்பற பேச்சே வேண்டாம்.

டெல்டாராஜா: சட்டம் சரி. ஆனா என்கிட்ட இருக்கற 1943 மார்க் 3ஐ நான் மின்ன மின்னத்தான் வச்சிருக்கேன், சிப்பாய் வச்சிருந்த மாதிரி.

துருக்காதலன்: சிப்பாய் துணி வச்சு கையால தேய்ச்சாரு சார், கரண்ட்ல ஓடற வீல் வச்சு இல்ல. செல்வா, எதுவும் பண்றதுக்கு முன்னாடி முத்திரையையும் கைப்பிடி ரிவெட் ரெண்டையும் கிட்டக்க படம் எடுத்து இங்க போடுங்க.