தில்லிக் குளிரில் பட்டப்பகலில் வரும் சுண்டெலி

முனிர்க்கா மொட்டைமாடி கேட்கிறார்:

முனிர்க்காவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். டிசம்பர் பாதிவரை எங்கள் வீட்டுச் சுண்டெலி ஒழுக்கமான பிராணி. விளக்கை அணைத்த பிறகுதான் அரிசி மூட்டைக்குள் சலசலக்கும். பொறுமையிழந்து அரிசி, பருப்பு, ஆட்டா எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்தேன். அதோடு புத்தி மாறிவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்கு, ஜன்னல் வெயில் சமையலறைத் தரையில் விழும்போது, கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து வந்து சிதறிய உளுந்தைப் பொறுக்குகிறது. நான் நிற்பதையும் சட்டை செய்வதில்லை. இரவில் சத்தமே இல்லை. இரவில் மசால் வடை மாட்டி வைக்கும் கூண்டு மூன்று நாளாகக் காலி. விஷம் எதுவும் வைக்கவில்லை. நோய் வந்திருக்குமோ?

கரோல்பாக் பழசு:

நோயும் இல்லை, புத்தியும் மாறவில்லை. பகலில் ஒன்று தெரிந்தால் சுவருக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது என்று பொருள். இளைத்தவை இரவில் இடம் கிடைக்காமல் பகலில் வரும். சிலிண்டர் மூலையில் ஓட்டை இருக்கும், சிமென்ட் பூசுங்கள்.

எலிப்பித்தன்:

பெரியவர் சொல்வதும் நடக்கும். ஆனால் டப்பா, ஜனவரிக் குளிர் இரண்டும் சேர்ந்திருப்பதால் நான் வேறு காரணத்தைச் சந்தேகிக்கிறேன், அக்கா.

சுண்டெலியின் எடை இருபது கிராம் அளவுதான். அவ்வளவு சிறிய உடலிலிருந்து சூடு வேகமாக வெளியேறும். சுமார் 30 டிகிரிக்குக் கீழே போனால், உடலைச் சூடாக வைக்கவே கூடுதலாகத் தின்றாக வேண்டும். முன்பு மூட்டையிலேயே படுத்துத் தின்றது. இப்போது ஒரு உளுந்துக்காக வீடு முழுக்க அலைய வேண்டும். அதையும் உங்கள் சமையலறை சில்லிட்டுக் கிடக்கும் இரவில் செய்தால் கட்டுப்படியாகாது. குளிர் உச்சத்தில் கந்தல் கூட்டுக்குள் சுருண்டுகிடந்து, வெயில் நேரத்தில் வெளியே வந்தால் செலவு குறையும். பகலில் வேட்டையாடும் பறவைகளின் பயத்தால் வழக்கமாக இரவைத் தேர்ந்தெடுக்கிறது என்பார்கள். பசி முற்றும்போது அந்தப் பயம் இரண்டாம்பட்சம்.

நெதர்லாந்தின் குரோனிங்கனில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எலி சக்கரத்தில் ஓடினால்தான் தீனி. ஓட்டத்துக்கான கூலியைக் குறைக்கக் குறைக்க, அதன் நடமாட்டம் இரவிலிருந்து பகலுக்கு நகர்ந்தது. இரவில் உடல் வெப்பத்தையே தாழ்த்திக்கொண்டு மரத்துக் கிடந்த எலிகளும் உண்டு. 2011இல் வெளியான ஆய்வு அது. 2014இல் வந்த இன்னொன்றில், குளிரும் இதே வேலையைச் செய்வது தெரிந்தது. எனக்குப் பிடித்த பகுதி வேறு: தீனியைத் தாராளமாகப் போட்டு இருட்டில் விட்டதும் அவை உடனே பழைய இரவு நேரத்துக்கே திரும்பிவிட்டன. அதாவது உடலுக்குள் இரவு பகலைக் கணக்கிடும் கடிகாரம் நகரவே இல்லை; எலி அதை மீறி வெளியே வந்திருக்கிறது.

தார் பாலைவனத்தில் பகலில் நடமாடும் ஜெர்பில் என்ற பாலைவன எலி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் நடுப்பகலில் மேயும். கோடையில் காலையும் மாலையும் மட்டும் தலைகாட்டும். அங்கும் வெயில்தான் கணக்குப்பிள்ளை.

கூட்டம் பெருத்ததா, பசியா என்று பார்க்க ஒரு வழி: வளை வாயில் ஆட்டாவை மெல்லியதாகத் தூவுங்கள். விடிந்ததும் ஒருமுறை, நான்கு மணிக்கு ஒருமுறை தடம் பாருங்கள்.

கரோல்பாக் பழசு:

எலிக்கு ஆட்டா தூவச் சொல்லும் பிள்ளையை இன்றுதான் பார்க்கிறேன்.

முனிர்க்கா மொட்டைமாடி:

தூவினேன். காலை ஆறரைக்கு மாவு அப்படியே இருந்தது. மாலையில் ஒரே எலியின் தடம். கடுகளவு பாதங்கள், நடுவில் வால் இழுத்த கோடு. மறுநாள் கூண்டை ஒரு மணிக்கு வைத்தேன், அதே பழைய வடைத் துண்டுடன். பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. கூண்டுக்குள்ளும் அது வடையை விடவில்லை. இந்தக் குளிரில் எங்கே கொண்டுபோய் விடுவது என்று வீட்டில் இப்போது சண்டை.