கடற்படை வாட்சில் கண்டவை: இன்னும் விடை கிடைக்காத வெளிச்சங்கள் (பினாங்கு)

தூரிகை_பட்டர்வொர்த்:

கடலில் சுழலும் வெளிச்சச் சக்கரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இங்கே பேசிய மற்ற வெளிச்சங்களுக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் கிடைத்துவிட்டது, இதற்கு மட்டும் இல்லை.

மலாக்கா நீரிணையில் பூலாவ் பேராக் தீவுக்குத் தென்மேற்கே, மிடில் வாட்ச் (நள்ளிரவு முதல் 4 மணி வரையான காவல்), நிலா கிடையாது, கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல். போர்ட் (இடது) பக்கத்திலிருந்து வெளிச்ச ஆரக்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பலுக்கு அடியில் நுழைந்து ஸ்டார்போர்ட் (வலது) பக்கம் வெளியேறின. ஒவ்வொன்றும் கடக்கும்போது பிரிட்ஜ் விங்கின் (கப்பலை ஓட்டும் மேடையின் பக்கவாட்டு நீட்சி) கான்வாஸ் மறைப்பு கீழிருந்து வெளுத்தது. துணியில் போட்ட தையல்கூடத் தெரிந்தது. அடுத்த நொடி இருட்டு, மறுபடி தையல். அந்தத் தையல்தான் இன்னும் விடமாட்டேன் என்கிறது.

வரைகிறவர்களுக்கு ஒரு விஷயம். இதை நீலமாக வரையாதீர்கள். நீலம் கேமராவுக்குத்தான். இருட்டுக்குப் பழகிய கண் மங்கிய ஒளியில் நிறம் பிரிக்காது. சாம்பல் கலந்த வெள்ளையாகத்தான் காட்டும். அடித்தளத்துக்கு ஐவரி பிளாக் இரண்டு பங்கு, அல்ட்ராமரைன் ஒரு பங்கு, நீலம் துருத்தினால் கொஞ்சம் ரா அம்பர். ஆரக்காலுக்கு டைட்டானியம் வெள்ளை வேண்டாம், அது எல்லாவற்றையும் மூடிவிடும். ஜிங்க் வெள்ளை பாதி ஒளிபுகும். துளி விரிடியன் சேர்த்து, காய்ந்த தூரிகையால் தேய்த்தால் போதும். ஆனால் ஜிங்க் எண்ணெயில் காலப்போக்கில் நொறுங்கும், துணி தளர்ந்தால் வெடித்து உரியும். அதனால் பலகையில் வரைவது நல்லது. ஆரக்கால் நேர்கோடும் அல்ல: வெளியே போகப் போக வளையும்.

நடுக்காவல்:

அண்ணே, அதே சந்தில் 1909ஆம் ஆண்டிலேயே பதிவு இருக்கிறது. டென்மார்க்கின் பிந்தாங் என்ற நீராவிக் கப்பல், கேப்டன் காபே, ஜூன் 10, விடியற்காலை 3 மணி, மலாக்கா நீரிணை. நீர்மேல் படுத்துச் சுழலும் சக்கரம், மையம் தொடுவானத்துக்கு அருகில், ஒரு நேரத்தில் பாதிதான் பார்வைக்குள் அடங்கியது, சுமார் 15 நிமிடம் நீடித்தது. அடுத்த ஆண்டு, 1910 ஆகஸ்ட் 12, நள்ளிரவு, தென் சீனக் கடலில் டச்சுக் கப்பல் வாலன்டைன். அதுவும் சக்கரம்தான்.

ஜெர்மானியக் கடலாய்வாளர் குர்ட் கல்லே 1960இல் சொன்ன விளக்கம் கடலடி நிலநடுக்கம். அதிர்வலை மேலே வந்து ஒன்றோடொன்று மோதி, கோடுகோடாக நீரை அமுக்குகிறது, அமுங்கிய இடத்தில் நுண்ணுயிர்கள் மினுங்குகின்றன. சுமத்ரா பக்கம் நிலநடுக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. எனக்கு இது போதும் என்றே தோன்றுகிறது.

ஓபிஎஸ்_ரூம்:

போதாது. டைனோஃபிளாஜெல்லேட் (சீண்டினால் மினுங்கும் அந்த நுண்ணுயிர்) ஒரு தடவை மினுங்கினால் பத்தில் ஒரு நொடி. திரும்பத் திரும்பச் சீண்டினால் ஒளி குறைந்துகொண்டே வரும், சரக்கு தீர்ந்துவிடும், பெரும்பாலும் மறுநாள் இரவுதான் முழுசாகத் தேறும். 15 நிமிடம் அதே பிரகாசத்தில் ஆரக்கால் ஓடியது என்றால் கல்லே அதற்குப் பதில் சொல்லவில்லை. நிலநடுக்கம்தான் என்று அடித்துப் பேசுகிறவர்கள் முதலில் லாக்புக் நேரத்தை யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றி (மலேசிய நேரத்தில் 8 மணி கழிக்கணும்) நிலநடுக்கப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு வரட்டும். போருக்குப் பிந்தைய, 1982க்கு முந்தைய தீபகற்ப மலேசிய நேர லாக் என்றால் 8 அல்ல, ஏழரை. இந்த அரை மணியில் வழுக்கி விழுந்தவர்கள் நிறைய.

நான் எழுத வந்தது வேறு. ரேடாரில் 6 மைலில் பளிச்சென்று ஒரு எக்கோ. அதே பேரிங்கில் (திசைக்கோணத்தில்) லுக்அவுட் கண்ணாடி வைத்துப் பார்த்தால் வெறும் கடல். கப்பல் திரும்பினாலும் எக்கோ தன் பேரிங்கில் நிற்கிறது. இதைப் பேய் என்று சொல்லும் முன் பிஆர்எஃப் (ரேடார் நொடிக்கு அனுப்பும் பல்ஸ் எண்ணிக்கை) மாற்றிப் பார்க்கணும்.

கணக்கு இதுதான். நொடிக்கு 1000 பல்ஸ் என்றால் ரேடார் குழப்பமில்லாமல் காட்டும் தூரம் 150 கிலோமீட்டர், அதாவது 81 கடல் மைல். காற்று அடுக்கில் சிக்கி அலை வளைந்து 87 மைலில் உள்ள மலையைத் தொட்டுத் திரும்பினால், அதற்குள் அடுத்த பல்ஸ் கிளம்பிவிட்டிருக்கும். திரையில் 87 இல்லை, 6 என்று விழும். பிஆர்எஃப்பை 800 ஆக்கினால் எல்லை 101 மைல். எக்கோ தன் உண்மையான இடத்துக்குப் போய்விடும், 6 மைல் புள்ளி காணாமல் போகும். நிஜப் படகு என்றால் அசையாது.

ஒரு பொறி: 1000த்தை 2000 ஆக்கினால் எல்லை சரியாகப் பாதியாகும், எக்கோ அதே 6 மைலில்தான் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "உறுதி செய்தாகிவிட்டது" என்று லாக்கில் எழுதிவிடுவார்கள். சிவில் ரேடாரில் பிஆர்எஃப் பொத்தான் தனியாக இருக்காது, ரேஞ்ச் ஸ்கேலையோ பல்ஸ் நீளத்தையோ மாற்றினால் உள்ளே தானாக மாறும். எந்த ஸ்கேலில் எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும், அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பாலம்_இரண்டு:

பச்சை வெளிச்சம். வடக்கே, தாய்லாந்து பக்கம், மேகத்தின் அடிவயிறு முழுக்கப் பச்சை.

ரன்வே_04:

அது சோத்தோங் (கணவாய்) போட் லா தம்பி. தாய்லாந்து படகுகள் பச்சை விளக்கைக் கம்பங்களில் வரிசையாகக் கட்டித்தான் சோத்தோங் பிடிக்கிறார்கள். விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த படங்களிலேயே அந்தமான் கடல் பச்சைப் புள்ளியாக இருக்கும். படகே தெரியவில்லையே என்று கேட்பீர்கள். தெரியாது. தூரம் போடும் வழி: கண் உயரத்தின் வர்க்கமூலமும் விளக்கு உயரத்தின் வர்க்கமூலமும் கூட்டி, 2.08ஆல் பெருக்கு. பிரிட்ஜ் 9 மீட்டர், விளக்கு 16 மீட்டர் என்றால் 3ம் 4ம் 7, பெருக்கினால் 14.6 கடல் மைல். அதற்கு அப்பால் விளக்கு மறைந்துவிடும், ஆனால் மேலே உள்ள மேகம் மறையாது.

இன்னொன்று. பினாங்குக்குத் தெற்கே நின்று, அசையாமல் எரிந்து, சட்டென அணைந்த வெள்ளை ஒளி பற்றி இங்கே மாதத்துக்கு ஒருவர் எழுதுகிறார். பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு விமான நிலையத்தின் ஓடுபாதை 04-22. தென்மேற்கிலிருந்து 04க்கு இறங்கும் விமானம் லேண்டிங் லைட்டைப் போட்டுக்கொண்டு நேராக வந்தால், எதிரே இருக்கும் கப்பலுக்கு அது பல நிமிடம் நகராது. திரும்பினவுடன் ஒளிக்கற்றை விலகும், "அணைந்துவிட்டது". பேரிங் எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் அந்தக் கதையோடு என்ன பேசுவது?

நடுக்காவல்:

இப்படி எல்லாவற்றையும் விமானம், சோத்தோங் என்று தள்ளினால் 2004 நவம்பர் 14 என்ன ஆகும்? சான் டியாகோவுக்கு அப்பால், அமெரிக்க விமானந்தாங்கி நிமிட்ஸின் அணி. அதே அணியின் பிரின்ஸ்டன் கப்பல் ரேடார் சொல்லி, போர் விமானி டேவிட் ஃபிரேவர் போய்க் கண்ணால் பார்த்தது. இறக்கை இல்லாத வெள்ளை உடல், கீழே கொந்தளித்த நீர். இரண்டு விமானம், நான்கு பேர்.

ரன்வே_04:

அதை நான் தள்ளவில்லையே. ரேடாரும் கண்ணும் ஒரே நேரத்தில், வெவ்வேறு இடத்திலிருந்து. அதனால்தான் அது இன்னும் நிற்கிறது. ஆனால் அதே கூட்டத்தில் சேர்த்துப் பேசப்படும் 2015 'கோ ஃபாஸ்ட்' என்ற அமெரிக்கக் கடற்படை விமானக் காணொளியைப் பாருங்கள். கடலை உரசிக்கொண்டு பாய்வதுபோல இருக்கும். திரையில் தெரியும் எண்களை வைத்து நாசா குழு 2023இல் கணக்குப் போட்டது: உயரம் சுமார் 13,000 அடி, வேகம் மணிக்கு சுமார் 40 மைல். ஓடியது விமானம், பொருள் அல்ல. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் நல்லதும் சேர்ந்து கெடும்.

மாஸ்ட்_ஹெட்:

சுமத்ரா (நீரிணையில் திடீரென அடிக்கும் இடிமழைக் காற்று) அடிக்கும் முன், விடியலுக்குச் சற்று முன்னால், விப் ஏரியல் (கம்பி போன்ற ரேடியோ ஆண்டெனா) நுனியில் ஊதா கலந்த நீலக் குஞ்சம். உஸ்ஸென்ற சத்தம். மின்னல் வெட்டி மறையும், இது முனையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். செயின்ட் எல்மோ நெருப்பு என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அழகு பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம். மேல்தளத்தில் ஆட்களை உள்ளே அனுப்பு, ஏரியலையும் ஸ்டேயையும் (கம்பத்தைத் தாங்கும் கம்பி) தொடாதே, தேவையில்லாத ரேடியோவைக் கழற்று. அடுத்தது இடிதான்.

ஐஎஸ்ஓ_3200:

யாரும் கேட்கவில்லை, தெரியும். ஆனாலும் இங்கே ஏறும் படங்களைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

முக்கோண வெளிச்சங்கள் பற்றி முன்பு யாரோ எழுதியிருந்தார்கள், நைட் விஷன் வழியாக எடுத்தது. அமெரிக்கக் கடற்படைக் காணொளியிலும் இதேதான், 2022 மே 17 அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் அப்போதைய கடற்படை உளவுத்துறைத் துணை இயக்குநர் ஸ்காட் பிரே விளக்கிவிட்டார்: நைட் விஷன் கருவி வழியாக வந்த ஒளியை எஸ்எல்ஆர் கேமரா பதிவுசெய்தபோது உண்டான உருவம். ஃபோகஸ் தப்பினால் ஒளிப்புள்ளி கேமரா துளையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். துளை முக்கோணம் என்றால் வானமெல்லாம் முக்கோணம். சோதிப்பது எளிது: பக்கத்தில் உள்ள நட்சத்திரமும் முக்கோணமாக இருக்கிறதா?

போனில் எடுத்தால் நைட் மோடை அணைக்கணும். அது பல படங்களை அடுக்கி ஒட்டுகிறது. கப்பல் ஆடும்போது இல்லாத வாலை உண்டாக்கும். மேனுவல் மோடில் ஃபோகஸ் முடிவிலி, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் கால் நொடிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் கப்பலின் ஆட்டமே ஒளியைக் கோடாக இழுக்கும். டிஜிட்டல் ஜூம் கூடவே கூடாது. தொடுவானமோ கைப்பிடிக் கம்பியோ சட்டத்துக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் அளக்க ஒன்றும் இருக்காது. தொடுவானத்திலிருந்து உயரத்தைக் கையாலேயே சொல்லலாம்: நீட்டிய கையின் முஷ்டி ஏறத்தாழ 10 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. முழுநிலா அரைப் பாகைதான். "நிலாவைவிடப் பத்து மடங்கு பெரிது" என்று எழுதுகிறவர்கள் முஷ்டியை நீட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம்.

தனி ஒளி நகர்கிறதா என்று தெரியாவிட்டால் கண்ணை நம்பக் கூடாது. இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அது தானாக அலையும், கண்ணின் வேலை அது. கம்பத்தின் ஓரத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். வரிசையாக மெதுவாகத் துண்டு துண்டாக உடைந்து போனால் ராக்கெட் பாகம். 2022 ஜூலை 31 நள்ளிரவு தாண்டிக் கூச்சிங் மக்கள் பார்த்தது சீனாவின் லாங் மார்ச் 5பி எரிந்து விழுந்தது. எரிகல் சில நொடியில் முடிந்துவிடும். கடல் எச்சரிக்கைக்கு 518 கிலோஹெர்ட்ஸ் நாவ்டெக்ஸ் தாளைக் கிழித்து எறியாமல் லாக்கோடு வைக்கணும், ராக்கெட் விழும் பகுதி முன்கூட்டியே அதில் வரலாம்.

தூரிகை_பட்டர்வொர்த்:

கேமராக்காரர் சொன்னது சரி, ஆனால் சக்கரத்துக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. அடுத்து யார் கண்டாலும் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் வேகம். கைப்பிடிக் கம்பியில் ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை ஆரக்கால் கடக்கிறது என்று எண்ணு. பிறகு என்ஜின் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி எண்ணு. எண்ணிக்கை மாறினால் அது நம் ப்ரொப்பெல்லர் அதிர்வு, கல்லேயும் வேண்டாம் யாரும் வேண்டாம். பிந்தாங்கில் மையம் தொடுவானத்தருகே இருந்தது என்பதால் அங்கே அந்த விளக்கம் எனக்கு ஒட்டவில்லை.

இரண்டாவது வாளி. நீரை அள்ளி இருட்டில் வைத்துக் கலக்கு. கலக்கும்போது மினுங்கினால் டைனோஃபிளாஜெல்லேட். சும்மா இருக்கும்போது எரிந்து, கலக்கினால் அணைந்தால் கதை வேறு: 2019 ஆகஸ்டில் ஜாவாவுக்குத் தெற்கே பால் கடலுக்குள் (பரப்பு முழுதும் வெளுத்து ஒளிரும் கடல்) போன கணேஷா என்ற பாய்மரப் படகுக்காரர்கள் வாளியில் கண்டது அப்படித்தான். அது பாக்டீரியா என்று கருதுகிறார்கள். செயற்கைக்கோள் அளவில் அந்த ஒளி 1,00,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருந்தது. ஆனால் பால் கடல் ஒரே சீராக எரியும், அதில் ஆரக்கால் கிடையாது.

மூன்றாவது, ஒளி நீரிலா காற்றிலா? கம்பிக்கு வெளியே ஒரு கறுப்புப் பலகையை நீட்டு. பலகைக்கும் கண்ணுக்கும் நடுவே வெளிச்சம் ஓடினால் காற்றில். பழைய பதிவுகள் சிலவற்றில் நீருக்கு மேலே என்று எழுதியிருக்கிறது, சோதித்ததாக எழுதவில்லை.

வரைவதற்குச் சிவப்பு டார்ச். வெள்ளை டார்ச் அடித்தால் இருட்டுப் பார்வை திரும்ப 20 முதல் 30 நிமிடம் ஆகும், அதற்குள் சக்கரம் போய்விடும். சிவப்பு ஒளியில் சிவப்புப் பென்சில் வெள்ளைத் தாளில் தெரியவே தெரியாது, 4பி கரும்பென்சில்தான்.

நடுக்காவல்:

என்ஜினைக் குறைக்க மிடில் வாட்சில் யார் கேப்டனை எழுப்புவது?

ஓபிஎஸ்_ரூம்:

ஸ்டாண்டிங் ஆர்டரை (கேப்டன் எழுதி வைத்த நிலையான உத்தரவு) படித்துப் பாருங்கள். வழக்கமில்லாத எதைக் கண்டாலும் கூப்பிடு என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். கூப்பிட்ட நேரத்தையும் லாக்கில் எழுதுங்கள்.