எங்கள் ஊரில் எத்தனை பேர்? எந்தக் கணக்குப்படி?

தாம்பரத்திலிருந்து:

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கையேட்டில் அதைத் தேடுபவர்கள் விழுப்புரம் மாவட்டத்துக்குள்தான் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். கிராமத்துக்கு ஒரு வரி. வீடுகள், ஆண், பெண், பரப்பளவு, அப்புறம் வசதிகள். பஸ் வந்தால் ‘உண்டு’. வராவிட்டால் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும் என்பதற்கு ஓர் எழுத்து: 5 கிலோமீட்டருக்குள் என்றால் ‘ஏ’, 5 முதல் 10 வரை ‘பி’, அதற்கும் மேல் ‘சி’. ஒரு நாளைக்கு எத்தனை முறை வரும், கடைசி பஸ் எப்போது என்று எழுத அங்கே இடமில்லை. காலையில் ஒரு நடை வந்து போனாலும் ‘உண்டு’தான். கூட்டு ரோட்டில் இறங்கி இருட்டில் நடந்தவர்களுக்கு இதைப் படித்தால் எரிச்சல்தான் வரும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போகக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்தது. “உங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் ஐயா?” என்று பேச்சுக்குக் கேட்டேன். “எந்தக் கணக்கு வேண்டும் தம்பி? ரேஷன் கணக்கா, ஓட்டுக் கணக்கா, பொங்கல் கணக்கா? மூன்றும் ஒன்றாக வராது” என்றார். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் ரேஷன் அட்டையில் பெயர் ஊரில். கொத்து வேலை சென்னைப் பெருங்குடியில்.

நான் சிரித்தேன், ஆனால் ரோடு இந்த எண்ணிக்கையில்தான் தொங்குகிறது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000-இல் வந்தபோது, சமவெளியில் 500 பேராவது இருக்கும் குடியிருப்புக்குத்தான் இணைப்புச் சாலை என்று வரையறுத்தார்கள். 2024-இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்திலும் அதே 500. தலைக்கணக்கு மட்டும் 2011-ஆம் ஆண்டினுடையது. ரோடும் பஸ்ஸும் சரியில்லை என்று ஆள் சென்னைக்கு வந்துவிடுகிறார். அவர் வந்துவிட்டதால் ஊரில் தலை குறைகிறது. தலை குறைந்ததால் ரோடு தள்ளிப்போகிறது. இதில் யாரைக் குறை சொல்வது?

மடிப்பாக்கத்திலிருந்து:

2011 பிப்ரவரியில் கணக்கெடுப்புப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்த ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. கட்டட வேலைக்காரர்கள் தங்கியிருந்த ஓர் அறையில், “ஊரில் அம்மா எங்கள் பெயரைக் கொடுத்திருப்பார் டீச்சர், எங்களை விட்டுவிடுங்கள்” என்று கெஞ்சினார்கள். விடக் கூடாது. 9-ஆம் தேதி முதல் 28 வரை முழுக்க ஊரில் இல்லாதவரை ஊரில் எழுதக் கூடாது என்பதுதான் விதி. இங்கே பெயர் ஏறினால் ஊரில் ஏதோ சலுகை பறிபோய்விடும் என்று அவர்களுக்குப் பயம். ரேஷன் அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. பெரியவர் சொன்ன பொங்கல் கணக்கு அடுத்த கணக்கெடுப்பிலும் ஏறாது; தலைகளைக் கணக்கில் கொள்ளும் ஆதார நாள் 2027 மார்ச் 1. பொங்கலுக்குப் போனவர்கள் அதற்குள் சென்னைக்குத் திரும்பியிருப்பார்கள்.

ஆவடியிலிருந்து:

பஸ்ஸைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் களை எடுக்கப் போவது ‘குட்டி யானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டியில். விடிவதற்குள் கோயில் முன்னால் வந்து நிற்கும். தூக்குவாளி, களைக்கொத்து, வெற்றிலைப் பையோடு பின்பக்கம் நின்றுகொண்டே போவார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல திட்டம்தான், ஆனால் ஆறு மணிக்குக் கழனியில் நிற்க வேண்டியவர்களுக்கு ஒன்பது மணி பஸ்ஸால் என்ன பயன்? வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறார்கள் என்று 2011 கணக்கெடுப்பில் ஓர் அட்டவணையே போட்டார்கள். அதில் சாகுபடி செய்பவர்கள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்பவர்கள் மூவரும் சேர்த்தி இல்லை. ‘இதர தொழிலாளர்கள்’ மட்டும். இதை அக்காவிடம் சொன்னேன். “எழுத வந்த வாத்தியாரின் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டம் இருக்கிறது, எங்கள் வண்டிக்கு இல்லையா?” என்று கேட்டார்.