கிட்டார் கம்பி 9ஆ, 10ஆ? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரொம்ப நாள் 10-46 செட்டிலேயே (முதல், ஆறாம் கம்பிகளின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) வாசித்துவிட்டு இப்போது 9-42க்கு மாறியிருக்கிறேன். ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிட்டார், 25.5 அங்குல ஸ்கேல் (கம்பியின் அதிரும் நீளம்). 9க்கும் 10க்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதானே, அதில் என்ன தெரியப்போகிறது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கத்தோடு கூடும். முதல் கம்பியை ஒரே சுருதிக்கு ஏற்றினால் 10இல் சுமார் 16 பவுண்டு இழுப்பு, 9இல் சுமார் 13. கிட்டத்தட்ட கால் பங்கு கூடுதல்!

பெண்ட் செய்யும்போது (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றும்போது) தள்ளும் தூரம் ஏறக்குறைய அதேதான், தேவைப்படும் பலம்தான் குறைகிறது. முழு டோன் பெண்ட் இப்போது சிரமமில்லாமல் போய் நிற்கிறது, சுருதியை அசைக்கும் வைப்ராட்டோவும் நன்றாக விரிகிறது. ஆனால் அதே காரணத்தால் அழுத்திப் பிடிக்கிற கைக்கு 9 ஒத்துவராது. கார்டு பிடிக்கும்போதே சுருதி மேலே ஏறிவிடும், கழுத்தின் குறுக்கே உள்ள ஃப்ரெட் பட்டைகள் உயரமானவை என்றால் இன்னும் அதிகமாக. பிக்கால் ஓங்கி அடித்தாலும் அடித்த கணத்தில் சுருதி ஏறி இறங்குவது காதில் விழும். என் கை மென்மையானது, எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் என்ன போடுகிறீர்கள்? கேஜோடு (கம்பியின் தடிமன்) ஸ்கேலையும் ட்யூனிங்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்:
ஸ்கேலைக் கேட்டது நல்லது, நிறையப் பேர் அதைச் சொல்வதே இல்லை. என்னிடம் லெஸ் பால் வகை ஒன்று, 24.75 அங்குலம். அதே 10 செட் அதில் 6 சதவீதம் அளவுக்குத் தளர்வாக இருக்கும். அதனால் அதில் 10-46, நீள ஸ்கேல் கிட்டாரில் 9.5-44 போடுகிறேன். இரண்டும் கைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன, மாற்றி மாற்றி வாசித்தாலும் பெண்ட் தப்புவதில்லை.

பதில்:
நான் வாசிப்பது முழுக்க இறக்கின ட்யூனிங். ஆறு கம்பியையும் ஒரு முழு டோன் இறக்கினால் இழுப்பு ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அங்கே 11 செட் போட்டால் சாதாரண ட்யூனிங்கில் 10 செட் தரும் பிடிப்பு திரும்பக் கிடைக்கிறது. டிராப் சி என்றால் ஆறாவது கம்பி இரண்டு டோன் இறங்குகிறது. அங்கே 46 துவண்டுவிடும், ஃப்ரெட்டில் மோதி இரையும். நான் 56 போடுகிறேன். ரிஃப் வேகமாகப் போகும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது.

ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13 போட்டார் என்பதற்காக 13 போடப் பார்ப்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: அவர் அரை டோன் இறக்கி வாசித்தவர், கை பலமும் அவருடையது. அதே ப்ளூஸ் வழியில் வந்த பில்லி கிப்பன்ஸ் முதல் கம்பிக்கு 7 போடுகிறார். அவருடைய சத்தத்தை யாராவது மெலிந்தது என்பார்களா? தடித்த கம்பிதான் தடித்த டோன் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. பிளாக் சபாத் இசைக்குழுவின் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தபின் மெல்லிய கம்பிக்கு மாறி, பின்னால் ட்யூனிங்கையும் இறக்கித்தான் அந்தக் கனத்தைக் கொண்டுவந்தார். விரல் வலியோடு வாசிப்பவர்கள் தயங்காமல் கேஜைக் குறையுங்கள்.

பதில்:
கேஜ் சரி, உலோகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நிக்கல் பூச்சு, சுத்த நிக்கல், ஸ்டெயின்லெஸ் மூன்றும் போட்டுப் பார்த்திருக்கிறேன். சுத்த நிக்கல் உருண்டையாக, கொஞ்சம் மங்கலாக ஒலிக்கும். ஸ்டெயின்லெஸ் பளிச்சென்று இருக்கும், வியர்க்கிற கைக்கு நல்லது, ஆனால் ஃப்ரெட்டை வேகமாகத் தேய்க்கும். ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான செட்களில் இந்த வித்தியாசம் சுற்றுக்கம்பி (மேலே உலோகம் சுற்றிய தடித்த கம்பி) மூன்றில் மட்டுமே. மேலே உள்ள மூன்று வெறுங்கம்பிகளும் எந்த செட்டிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி எஃகுதான். லீட் மட்டும் வாசிப்பவர் உலோகத்துக்காகக் கூடுதல் செலவு செய்யும்முன் இதை யோசிக்கலாம்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் வெண்கலச் சுற்றுக்கம்பியை மட்டும் எலெக்ட்ரிக் கிட்டாரில் போடாதீர்கள். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பிக்கப் வெண்கலத்தை உணராது, உள்ளே இருக்கும் எஃகுக் கம்பியை மட்டும்தான் உணரும். கீழ்க்கம்பிகள் அமுங்கி, மேல் இரண்டு வெறுங்கம்பிகளும் துருத்திக்கொண்டு கேட்கும்.

பதில்:
ஜாஸ் கார்டுகள்தான் எனக்கு உயிர். 12 செட், மூன்றாவது கம்பியும் சுற்றுக்கம்பி, ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான நாடா சுற்றியது). விரல் நகரும் கீச்சொலி கிட்டத்தட்ட இல்லை. மூன்றாவது கம்பியின் சுருதி கார்டில் ஒழுங்காக நிற்பதுதான் பெரிய நிம்மதி. பெண்ட் வராது, எனக்குத் தேவையும் இல்லை.

பதில்:
மாறப்போகிறவர்களுக்கு: 10-46இன் மொத்த இழுப்பு 100 பவுண்டுக்குமேல், 9-42 சுமார் 85. அவ்வளவு குறைந்தால் கழுத்து பின்னால் வளையும், மிதக்கும் ட்ரெமோலோ (கம்பிகளைத் தாங்கி ஸ்பிரிங்கில் நிற்கும் அசையும் பாலம்) உள்ளே அமிழும். முதலில் பின்பக்க ஸ்பிரிங்கைத் தளர்த்தி ட்ரெமோலோவைச் சமன் செய்யுங்கள். பிறகு ட்யூன் செய்து, கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாமல் பார்த்துப் பார்த்துத் தளர்த்துங்கள். கம்பி உயரம் அதற்குப் பிறகு. இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) கடைசியில். தடித்த செட்டுக்குப் போகிறவர்கள் கழுத்தின் உச்சியில் கம்பி தங்கும் நட்டின் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். கம்பி அதில் இறுகினால் ஒவ்வொரு பெண்டுக்குப் பிறகும் ட்யூனிங் கலையும்.