2012 டிராகன் வெள்ளி நாணயம்: மீதிப் பதினொன்றை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி (தருமபுரி):
வணக்கம். சிங்கப்பூரில் பணிபுரிந்து திரும்பிய என் மாமா, ஒரு பக்கம் எலிசபெத் அரசியாரும் மறுபக்கம் டிராகனும் பொறித்த 2012ஆம் ஆண்டு ஓர் அவுன்ஸ் வெள்ளி நாணயத்தைக் கொடுத்தார். சீன ராசியின் பன்னிரண்டு விலங்குகளையும் சேர்க்க ஆசைப்படுகிறேன். சீன அரசு வெளியிட்டவற்றையும் இதனுடன் கலந்து வாங்கலாமா? கடைவீதியில் காட்டியபோது எடைக்கு மட்டுமே விலை சொன்னார்கள். அசல்தானா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில் (கிருஷ்ணகிரி):
தங்களிடம் இருப்பது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை 2008இல் எலியில் தொடங்கி 2019இல் பன்றியுடன் நிறைவுசெய்த இரண்டாம் வரிசையைச் சேர்ந்தது. சீனாவின் வரிசை 1981ஆம் ஆண்டுச் சேவலில் தொடங்கியது. அவர்கள் 2016 முதல் அவுன்ஸை (31.1 கிராம்) விட்டு 30 கிராமுக்கு மாறிவிட்டதால், சீன நாணயங்களுக்குள்ளேயே பழையதும் புதியதும் ஒத்துப்போவதில்லை. பெர்த்தின் மூன்றாம் வரிசையும் விட்டத்தில் சிறியது. ஆகவே 2008–2019 வரிசையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டிராகனுக்குத்தான் எப்போதும் கிராக்கி அதிகம். அது முதலிலேயே கைக்கு வந்துவிட்டது பெரிய பாக்கியம்.

பதில் (ஓசூர்):
காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். வெள்ளி முலாம் பூசிய செம்பிலும் பித்தளையிலும் அது ஒட்டாது. எடை 31.1 கிராமுக்குக் குறையாமலும் விட்டம் ஏறக்குறைய 45 மில்லிமீட்டராகவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, மின்னணுத் தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்ஜியமாக்கி, நூலில் கட்டிய நாணயத்தை அடியிலும் பக்கத்திலும் படாதபடி முழுவதுமாக மூழ்க விடுங்கள். வெள்ளியின் அடர்த்தி தண்ணீரைப் போல 10.49 மடங்கு என்பதால், விலகும் தண்ணீரின் எடையாகத் தராசு 2.96 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும்; அதே எடையுள்ள செம்பாக இருந்தால் 3.47 காட்டும். நம் பகுதியின் போர் தண்ணீர் உலர்ந்தால் வெண்திட்டுப் படியும் என்பதால், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஓரத்தில் சற்றுக் கறுத்திருக்கிறது. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல விபூதியால் துடைக்கலாமா?

பதில் (கிருஷ்ணகிரி):
தயவுசெய்து வேண்டாம். விபூதியோ பற்பசையோ பட்டால் டிராகனின் செதில்களில் நுண்ணிய கீறல்கள் விழும். அதன்பின் சேகரிப்பாளர்களும் எடைக்குத்தான் கேட்பார்கள். அந்தக் கறுப்பு காற்றிலுள்ள கந்தகத்தால் வருவது, இயல்பானது. ரப்பர் பேண்டும் பி.வி.சி. உறையும் அருகில் வராமல், ஓரத்தை மட்டும் பிடித்து, அளவுக்கேற்ற கேப்சூலில் (நாணயத்துக்கான வட்டப் பிளாஸ்டிக் டப்பியில்) போட்டு மூடிவிடுங்கள்.