கம்பியில்லா மின்னேற்றலில் 'கப்ளிங்': பிணைப்பா, பாயப் பகிர்வா?

வணக்கம் ஐயா,

கம்பியில்லா மின்னேற்றலில் ஒரு சுருளின் காந்தப்புலம் எதிரே இருக்கும் சுருளையும் எட்டுவதை ஆங்கிலத்தில் 'கப்ளிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'பிணைப்பு' போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிணைப்பை வேதியியல் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பள்ளிப் பிள்ளைக்கு அணுக்கள்தான் நினைவுக்கு வரும். 'இணைப்பு' அதைவிடப் பொருந்தாது. மின் இணைப்பு என்றால் வீட்டுக்கு வரும் கரண்ட்.

நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடலாம். போனுக்கு அடியில் இருக்கும் மின்னேற்றும் தட்டின் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் ஓடுகிறது. அது உண்டாக்கும் காந்தப்பாயத்தில் (ஒரு பரப்பின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) ஒரு பங்கு போனுக்குள் இருக்கும் சுருள் வழியாகப் போகிறது, மீதி கசிந்துவிடுகிறது. இரண்டு சுருளும் ஒரே மாதிரி இருந்தால் அந்தப் பங்குதான் கப்ளிங் கெழு. சுழிக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண். அதனால் நான் முன்வைப்பது 'பாயப் பகிர்வு', 'பாயப் பகிர்வுக் கெழு'. கசிவதைக் 'கசிவுப் பாயம்' என்று சொன்னால் இரண்டும் ஜோடியாக நிற்கும்.

சொல் தேறுமா என்பதை வடிவமைப்பவர் நாள் முழுக்க எழுதுகிற வாக்கியங்களில் வைத்துப் பார்க்க வேண்டும். "போனை நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் பாயப் பகிர்வு விழுந்துவிடும்." "சுருளின் முதுகில் காந்தப்பாயத்தைத் தன் வழியே இழுக்கும் ஃபெரைட் தகடு ஒட்டினால் பாயம் பேட்டரிப் பக்கம் போகாது, பாயப் பகிர்வும் கூடும்." "மின்காரின் அடிப்பகுதிச் சுருளுக்கும் தரையில் இருக்கும் மின்னேற்றும் தட்டுக்கும் இடைவெளி 10 முதல் 25 செ.மீ. வரை இருப்பதால், பாயப் பகிர்வு பெரும்பாலும் 0.1 முதல் 0.3 வரைதான் கிடைக்கும்." எது குறைந்தது, எது கூடியது என்று படிப்பவருக்கு உடனே தெரிகிறது. இதே இடங்களில் 'பிணைப்பு' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். 2023-ல் வந்த சீ-2 (Qi2) என்ற கம்பியில்லா மின்னேற்றல் தரம் போனின் முதுகில் காந்த வளையம் கேட்பதும் இந்தப் பகிர்வுக்காகத்தான். போன் தானாக நடுவில் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தகடுகளை வைத்து மின்புலத்தால் மின்திறன் அனுப்பும் முறைக்கு இது பொருந்துமா என்று கேட்பீர்கள். பொருந்தும். அங்கே மின்பாயம் பகிரப்படுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ரெசொனன்ஸ், அதாவது ஒன்றை அதன் இயல்பான அதிர்வெண்ணிலேயே தூண்டும்போது அலைவு பெரிதாவது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒத்ததிர்வு, இலங்கைப் பாடநூலில் பரிவு. என் வாக்கு பரிவுக்கே. 'ஒத்ததிர்வு அதிர்வெண்' என்று எழுதும்போது அதிர்வு இரண்டு முறை வந்து நாக்கு இடறுகிறது; 'பரிவு அதிர்வெண்', 'பரிவு மின்தேக்கி' இரண்டும் சிக்கென்று இருக்கின்றன. இந்தத் துறையில் பரிவு அடிக்கடி வரும் சொல். 2007-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு மீட்டர் தள்ளி இருந்த 60 வாட் பல்பை எரியவிட்டார்கள். அவ்வளவு தூரத்தில் பாயப் பகிர்வு மிகச் சொற்பம். இரண்டு சுருளும் ஒரே அதிர்வெண்ணில் பரிவு கொண்டதால்தான், அனுப்பிய திறனில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்ச் சேர்ந்தது.

'சார்ஜிங்' பற்றிச் சுருக்கமாக. மின்னூட்டம் தமிழ்நாட்டில் சார்ஜ் என்ற அளவைக் குறிக்கிறது, இலங்கையில் அதே அளவுக்கு மின்னேற்றம் என்கிறார்கள். செயலுக்கு 'மின்னேற்றல்' என்று வைத்தால் இரண்டு பக்கமும் குழப்பம் இல்லை. கடைக்காரரும் வாங்குபவரும் கம்பியில்லா சார்ஜர் என்றே சொல்லட்டும், அதை மாற்றத் தேவையில்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. தட்டுக்கும் போனுக்கும் நடுவே ஒரு நாணயம் கிடந்தால், மாறும் காந்தப்பாயத்தால் அந்த உலோகத்துக்குள்ளேயே வட்டமிடும் சுழல் மின்னோட்டம் உண்டாகிக் கை சுடும் அளவுக்குச் சூடாகும். அதனால் போன் தனக்கு எவ்வளவு திறன் வந்தது என்பதைத் தன் சுமையை (சுருளிலிருந்து தான் இழுக்கும் மின்னோட்டத்தை) மாற்றி மாற்றி, அதே சுருள் வழியாகவே தட்டுக்குத் தெரிவிக்கிறது. அனுப்பியதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் அதிகமானால் தட்டு நிறுத்திவிடும். இதற்கு 'அந்நியப் பொருள் கண்டறிதல்' என்று யாரோ எழுதியதைப் பார்த்தேன். நான் 'இடைப்பொருள் உணர்தல்' என்பேன். பொருள் இடையில் கிடக்கிறது, தட்டும் அதைக் கண்ணால் காணவில்லை, திறன் குறைவதை வைத்து உணர்கிறது. சரியா என்று சொல்லுங்கள் ஐயா.