கடைசி வரியை மட்டும் சொல்லமாட்டேன்

2022 பிப்ரவரி 24. உக்ரைனின் கார்கிவ் நகரத்திலிருந்து பையன் கூப்பிட்டான். "குண்டு போட ஆரம்பிச்சுட்டாங்கம்மா. டிவி பார்த்துப் பயந்துக்காதே." அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெட்ரோ ஸ்டேஷனுக்குள் போய்விட்டார்கள். சார்ஜை மிச்சம் பிடிக்க நாளைக்கு இரண்டே மெசேஜ். அதுவும் வெறும் "ஓகே".

நாங்கள் இருப்பது சேலம் கன்னங்குறிச்சியில். எதிர்வீட்டு ஆயா தினமும் காலையில் வந்து வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "பையன் எங்க கண்ணு இருக்கறான்?" அக்கறையில்தான். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். எங்கே என்று எனக்குத் தெரிந்தால்தானே!

மூன்றாம் நாள் ராத்திரி தூக்கமில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமென்று சின்னவளின் ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கிழிந்த அட்டையை ஒட்டினேன். புரட்டியபோது 'புலி தங்கிய குகை' கண்ணில் பட்டது. காவற்பெண்டு பாடிய புறநானூற்றுப் பாட்டு. வீட்டுத் தூணைப் பற்றிக்கொண்டு ஒருத்தி, உன் மகன் எங்கே என்கிறாள். எங்கிருந்தாலும் எனக்குத் தெரியாது, புலி கிடந்துவிட்டுப் போன கற்குகை போல அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது என்கிறாள் தாய்.

தூண்கூட மாறவில்லை! சிரித்துவிட்டேன், நடு ராத்திரியில். மறுநாள் ஆயா கேட்டபோது "தெரியலைங்க ஆயா" என்று சொல்ல முடிந்தது. குரல் உடையவில்லை.

போர்க்களத்தில்தான் தென்படுவான் என்று அந்தப் பாட்டு முடியும். அந்த வரியை மட்டும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளுக்கு அது பெருமை. என் பிள்ளை ஸ்டெதஸ்கோப்போடு போனவன்.

மார்ச் 1-ல் கார்கிவ் குண்டுவீச்சில் கர்நாடக மாணவர் ஒருவர் இறந்தார். சாப்பாட்டுப் பொருள் வாங்க வரிசையில் நின்ற பிள்ளை. மறுநாள் இந்தியத் தூதரகம், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது மாலை 6 மணிக்குள் பெசோசின் போன்ற ஊர்களுக்குப் போய்விடச் சொன்னது. பெசோசினுக்கே 11 கிலோமீட்டர். நமக்கு அப்போது இரவு 9.30. மொட்டைமாடியில் நின்றேன். ஏற்காடு மலைப்பாதையில் வண்டி வெளிச்சம் வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வெளிச்சம் மறையும்போதும் பாட்டை முதலிலிருந்து, கடைசி வரி இல்லாமல். "வந்துட்டோம்மா" என்று மெசேஜ் வர மணி பன்னிரண்டாகிவிட்டது.

பத்து நாளில் வீட்டுக்கு வந்தான். ஆயா வந்தார், தூணைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மடியிலிருந்த முருங்கைக்கீரையை என்னிடம் நீட்டிவிட்டுப் போனார்.